பக்கத்து நிரைக் கொழுந்து

புதிதாகப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் அனுபவங்களில் சிலவற்றை எழுதித் தரும்படி உங்கள் தலைவர் கேட்டார். உற்சாகம் ஊட்டுவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நல்ல மனிதர், என்னைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. உற்சாகம் ஊட்டும் கதைகள் என்னிடம் ஒன்றிரண்டு இருந்தன. அவற்றை ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்று சொல்லித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

முதலில் ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் நாள், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மூத்த விரிவுரையாளர் ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "பிள்ளை எந்த இடம்?" என்று அன்பாகக் கேட்டார். "கண்டி" என்றேன். கண்டியில் நான் விடுதியில் தங்கிப் படித்தேன், அவ்வளவுதான். நான் பிறந்தது கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த மூத்தவர் யாரையும் இளப்பமாகப் பார்க்கிறவர் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுக்க அலைந்தவர் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆகவே பழியை அவர் மேல் போட முடியாது. பொய் முழுக்க என்னுடையது. அதைக் காப்பாற்ற முப்பது வருடம் என் பேச்சையே மாற்றி வைத்துக்கொண்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். இளம் விண்மீன் திரள்களின் ஒளியைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். அவ்வளவு தூரத்தில் எந்த விண்மீனும் தனியாகத் தெரியாது, எல்லாம் கலந்த ஒரே ஒளிதான் வந்து சேரும். அந்த மொத்தத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவை எப்படிப்பட்டவை, பிறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று கணிப்போம். நாங்கள் பயன்படுத்திய கணினி மாதிரியில் ஒவ்வொரு விண்மீனும் தனியாகப் பிறந்து, தனியாக வாழ்ந்து, தனியாகச் செத்துப்போகும். உண்மை அப்படியில்லை என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பெரிய விண்மீன்களில் பெரும்பாலானவை சோடியாகத்தான் பிறக்கின்றன. அதைச் சேர்த்தால் கணிப்பு பெரும் சிக்கலாகிவிடும், சேர்க்காவிட்டாலும் மொத்த ஒளியில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லி வைத்திருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பிரிவுக்கு ஆய்வு உதவியாளராக வந்தவள் விஜயலெட்சுமி. எல்லோருக்கும் விஜி. யாரும் கேட்பதற்கு முன்பே ஊரைச் சொல்லிவிடுவாள். "றொசல்ல ஸ்டேசன்ல எறங்கி, தோட்டத்து ரோட்டுல ஒன்னரை மைலு மேல ஏறணும் மிஸ். ஒரு நாளைக்கு வாங்க." மதியம் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் கொண்டு வந்து, எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துத்தான் சாப்பிடுவாள். வேலையில் கெட்டிக்காரி. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவள் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் வாய் திறந்தால் எங்கள் வீட்டுப் பேச்சு கேட்கும். பதிலுக்கு என் வாயிலிருந்தும் அது வந்துவிடுமோ என்று பயம்.

எங்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்தார். நகரத்துச் சத்தத்தில் எழுத முடியாது, மலையில் எங்காவது நான்கு நாள் உட்காரலாம் என்றார். தோட்ட அதிகாரிகள் முன்பு குடியிருந்து, இப்போது வாடகைக்கு விடும் ஒரு பழைய துரை பங்களாவை அவரே இணையத்தில் தேடிப் பிடித்தார். விலாசத்தை இரண்டு தடவை படித்தேன். நான் பிறந்த தோட்டத்தின் பங்களா அது. சின்ன வயதில் அந்தக் கேற்றைத் தாண்டி ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. இப்போது அதே பங்களாவில் எனக்கு ஒரு தனி அறை, காலையில் கதவைத் தட்டித் தேநீர் கொண்டுவந்து தர ஒரு சமையல்காரர். அம்மாவும் அப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் என் சின்னம்மா கீழே லயத்தில்தான் இருந்தார். பத்து நிமிட நடை. நான்கு நாள் அங்கே இருந்தேன், போய்ப் பார்க்கவில்லை. அவர் அடுத்த வருடம் இறந்துபோனார்.

மூன்றாம் நாள் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்று கட்டுரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மறுநாள் பேராசிரியர் கிளம்புகிறார். தொலைநோக்கி நேரம் கேட்டு நாங்கள் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான். அந்த விண்ணப்பம் கட்டுரையின் முடிவைத்தான் நம்பியிருந்தது. எங்கள் திரள்கள் இதுவரை யாரும் நினைத்ததைவிட இளையவை என்பதுதான் அந்த முடிவு. மதியச் சாப்பாட்டுக்கு முன் பங்களா விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். எங்களோடு பங்களாவுக்கு வந்திருந்த விஜி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், ஒன்னு சொல்லலாங்களா? ஏழெட்டு திரள்ல ஒளி மிச்சம் வருது."

"எந்தப் பக்கம்?"

"புறஊதாப் பக்கம்தாங்க. நம்ம மாதிரிப்படி அந்த வயசுல பெரிய விண்மீன் எல்லாம் செத்து முடிஞ்சிருக்கணும். ஆனா வாயு இன்னும் சூடா எரிஞ்சிக்கிட்டு இருக்கு. நீங்க வயச கொறைக்கச் சொன்னீங்க, கொறைச்சா ஒத்துப்போகுது. ஆனா செவப்பு பக்கத்தப் பாத்தா வயசு கூடன்னுதான் காட்டுது. நாம சும்மா வயச கொறைச்சிக்கிட்டே போறோம் மிஸ்."

நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. பேராசிரியர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விஜிக்கு ஆங்கிலம் வேகமாக வராது. ஒரு கணம் தடுமாறினாள். பிறகு விறாந்தைக்குக் கீழே கையைக் காட்டினாள். தேயிலை மலையிலிருந்து பெண்கள் கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பறித்த கொழுந்தை நிறுத்து எடுக்கும் கொட்டகையைத் தோட்டத்தில் மடுவம் என்போம், தேயிலைச் செடி வரிசையை நிரை என்போம். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாக அவள் சொல்ல ஆரம்பித்தாள். தமிழில் சொன்னதை நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு அக்காவும் பக்கத்துப் பக்கத்து நெரையில பறிக்கிறவங்கன்னு வச்சிக்கங்க. ஒருத்தருக்கு கை வேகம். மத்தவருக்கு மேலுக்கு முடியல. தனியா விட்டா அவங்க மத்தியானத்தோட மலைய விட்டு எறங்கிருவாங்க. கை வேகமானவங்க என்னா செய்வாங்க, கங்காணி பாக்காத நேரத்துல தன் கொழுந்துல ரெண்டு கை அள்ளி இவங்க பையில போட்டுருவாங்க. மடுவத்துல நிறுத்தா ரெண்டு பேருக்கும் சரியா வரும். நிறுக்கிறவருக்கு நிறை மட்டுந்தான தெரியும்? எடையப் பாத்து, ரெண்டு பேரும் தனித்தனியா இவ்வளவு பறிச்சாங்கன்னு நாம எழுதிக்கிட்டா அது சரியாங்க மிஸ்? மத்தியானமே எறங்கிப் போயிருக்க வேண்டியவங்க சாயங்காலம் வரைக்கும் மலையில நிக்கிறாங்க. அந்த மிச்ச ஒளி அதுதான்னு நெனைக்கிறேன்."

நீங்கள் இன்று பாடத்தில் படிப்பதைத்தான் அவள் சொன்னாள். நெருங்கிய சோடியில் பெரிய விண்மீன் ஊதிப் பெருக்கும்போது அதன் மேல்வாயுவைத் துணை விண்மீன் வாங்கிக்கொள்கிறது. வாங்கியது எடை கூடி, வயது குறைந்ததுபோல் புதிதாக எரிகிறது. கொடுத்ததோ மேற்போர்வை போய், கொதிக்கும் உட்கரு வெளியே தெரிய நின்று புறஊதா ஒளியைக் கொட்டுகிறது. இரண்டாலும் அந்தத் திரளின் சூடான ஒளி, தனி விண்மீன்களை வைத்துக் கணித்த காலத்தையும் தாண்டி நீடிக்கிறது. அதை அறியாமல் பார்க்கிறவன் திரளை இளையது என்று எழுதிவிடுவான். சோடிகளைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்க ஆறு வாரம் வேண்டும் என்றாள். எங்களிடம் இருந்தது இரண்டு நாள்.

பேராசிரியர் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பி, "இது உண்மையா? அந்தப் பெண்கள் அப்படிச் செய்வார்களா?" என்று கேட்டார்.

செய்வார்களா என்றா கேட்டார்! நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூன்று நிரை பறிப்பதற்குள் மூச்சு வாங்கும். பக்கத்து நிரையில் சின்னம்மா. ஐந்து மாதம் அம்மாவின் கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பியது சின்னம்மாவின் கைதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அம்மா வேலையை விட்டு நின்றிருந்தால், என்னோடு படித்த இரண்டு பெண்களைப் போல நானும் கொழும்பில் ஏதாவது வீட்டில் பாத்திரம் கழுவப் போயிருப்பேன். அந்தத் தோட்டத்தில், அந்த மடுவத்தில் நடந்தது அது. "ஆமாம், செய்வார்கள், எனக்குத் தெரியும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் உங்களுக்கு?

"எனக்குத் தெரியாது. தோட்டத்தில் சொல்லிக்கொள்ளும் கதையாக இருக்கும்" என்றேன் ஆங்கிலத்தில். பிறகு விஜியிடம் தமிழில், "லயத்துக் கதையெல்லாம் இங்கே எதற்கு? வந்த வேலையைப் பாருங்கள். பொருந்தாத அந்த ஏழெட்டையும் பிழை என்று ஒதுக்கிவிடுங்கள்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. நான் ஏதோ வேற்று மொழியில் பேசிவிட்டதுபோல என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க மிஸ்" என்று சொல்லி மடிக்கணினியை மூடினாள். பேராசிரியர் தோளைக் குலுக்கிக்கொண்டார். இந்த ஊர் விஷயத்தில் என் வார்த்தைக்கு மேல் அவருக்கு வேறு சாட்சி இல்லை. அன்று மாலையே விண்ணப்பத்தை அனுப்பினோம். தொலைநோக்கி நேரமும் கிடைத்தது. ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள்.

இதற்குக் காரணம் அவசரம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். நீங்களும் சொல்வீர்கள், நம் வேலையில் கெடு நாள்கள் எப்போதும் கழுத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவசரம் என்றால், பொருந்தாதவை சில உள்ளன, சோடி விண்மீன்கள் காரணமாக இருக்கலாம், இனித்தான் பார்க்க வேண்டும் என்று கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் எழுதவில்லை. அந்த இரண்டு வரியை எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம். ஒரு முடிவு உங்களுக்குப் பிடிக்காதபோது, அது விஞ்ஞானத்துக்கு இடைஞ்சலா, அல்லது உங்களுக்கு மட்டும் இடைஞ்சலா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் நின்று பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து விஜிக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும், கூடவே வேலை செய்தவள் என்பதால் என் கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். "நீங்க எழுதினா கெடைச்சிரும் மிஸ்" என்றாள். உட்கார்ந்து எழுதினேன். "சொன்ன வேலையைத் திருத்தமாகச் செய்பவர். சுயமாக ஆய்வை நடத்த இன்னும் சில காலம் தேவைப்படலாம்." பொய் என்று யாரும் பிடித்துக் காட்ட முடியாத இரண்டு வாக்கியங்கள். அவள் அங்கே போய் அந்த மடுவத்துக் கதையை வேறு யாரிடமாவது சொல்லி, அது சரியென்று ஆகிவிடுமோ என்று ஒரு அற்பப் பயம் எனக்கு இருந்தது.

இடம் கிடைக்கவில்லை. அலுவலகச் சாவியைத் திருப்பித் தர வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "பரவாயில்லங்க மிஸ். ஊர்ப்பக்கமே டீச்சர் அப்பாயின்மென்ட் வந்திருக்கு. அம்மாவுக்கும் தொணையா இருக்கும்." கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது.

சில வருடம் போயின. சோடி விண்மீன்களைச் சேர்த்த மாதிரிகள் வேறு வேறு நாடுகளிலிருந்து வரத் தொடங்கின. ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் எங்கள் கட்டுரையின் படத்தைத் திரையில் போட்டு, நாங்கள் சொன்ன வயதுகள் எங்கே தவறின என்று மிக மரியாதையாக விளக்கினார். கடைசியில் என்னைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து பழைய தரவுகளை எடுத்து, விஜி கேட்ட கணிப்பை நானே ஓட்டினேன். ஆறு வாரம்தான் ஆனது, அவள் சொன்ன அதே ஆறு வாரம். பிழை என்று ஒதுக்கியவையெல்லாம் வந்து பொருந்தின. வயதைத் திருத்தி ஒரு குறிப்பு எழுதினேன். அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். அதற்கு அவளிடம் கேட்க வேண்டும். கேட்கப் போவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன்.

றொசல்லவில் ரயிலை விட்டு இறங்கி அந்த ஒன்றரை மைலையும் நடந்தே ஏறினேன். வழியில் கேட்டவர்களெல்லாம் "விஜி டீச்சரா? மேல போங்க" என்று கை காட்டினார்கள். அவள் ஆசிரியர் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "மிஸ்! சொல்லியிருந்தா ஸ்டேசனுக்கு வந்திருப்பேனே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிளேன் டீ ஊற்றித் தந்தாள். நான் திருத்தக் குறிப்பை நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். படத்தில் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த பிள்ளைகளை எண்ணுவதுபோல இருந்தது.

"எல்லாம் வந்து ஒக்காந்துருச்சே" என்றாள்.

"உங்கள் பெயரைப் போட வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த கடிதத்தில் நான் நல்லபடியாக எழுதவில்லை."

அவள் குறிப்பை மடித்து மேசையில் வைத்தாள். "பேரு போடுறது ஒங்க இஷ்டம் மிஸ். கடிதம்... அது ஒங்களுக்கு அப்ப பட்டத எழுதியிருப்பீங்க. எனக்கு ஒங்க மேல வருத்தமில்ல. எனக்கு எம்மேலதான் வருத்தம்."

"ஏன்?"

"அன்னைக்கி பங்களாவுல நான் சரியா வெளக்கல. நீங்க கண்டியில வளந்தவங்க, மடுவத்தக் கண்டிருக்க மாட்டீங்க. நான் பாட்டுக்கு கொழுந்து, நெரைன்னு சொன்னா ஒங்களுக்கு எப்பிடி புரியும்? வேற உதாரணம் சொல்லியிருக்கலாம். ரயில்ல வரும்போதெல்லாம் யோசிப்பேன், இப்பிடி சொல்லியிருக்கலாமோ, அப்பிடி சொல்லியிருக்கலாமோன்னு. அதனாலதான் இப்ப புள்ளைங்களுக்கு எதையும் மூணு விதமா சொல்லிக்குடுக்கிறேன். எனக்கு வெளக்கத் தெரியாதுன்னு எனக்கே தெரியுமே."

என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். இத்தனை வருடமும் அவள் இடத்தைப் பறித்தேன் என்றுதான் நான் வருந்திக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பறித்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குப் புரிஞ்சிச்சு விஜி" என்றேன். முப்பது வருடம் அடக்கி வைத்த பேச்சு தானாகவே வந்தது. "நீங்க சொல்லி முடிக்க முந்தியே புரிஞ்சிச்சு. நான் பொறந்ததே அந்தத் தோட்டத்துலதான். லயத்துல கடைசி ரூம். எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியாம இருந்தப்ப எங்க சின்னம்மாதான் கொழுந்து அள்ளிப் போட்டாங்க. அதே மடுவம். நீங்க கை காட்டினீங்களே, அதேதான்."

விஜி என்னைப் பார்த்தாள். அன்று விறாந்தையில் பார்த்த அதே பார்வை. மன்னிப்பு என்ற சொல்லை நான் கொண்டு போயிருந்தேன், அதை எடுக்க முடியவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"ஆமா. சரியாத்தான் சொன்னீங்க."

பாடவேளை மணி அடித்தது. அவள் வெண்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.